உள்ளே வர ஒரு ஆண் வேண்டும்

அந்த இரண்டு பையன்களையும் நான் முதன்முதலில் பார்த்தபோது ஒருவனுக்கு மூக்கு உடைந்து ரத்தம் சட்டை வரைக்கும் வழிந்திருந்தது. வெள்ளைச் சட்டை வேறு. கீழே குப்பைத் தொட்டிப் பக்கம் எவனோ முகத்தில் ஒரு குத்து விட்டு சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறான். எங்கள் குடியிருப்பில் அதெல்லாம் ஒரு செய்தியே இல்லை. ஹூஸ்டனில் இதைவிடக் குறைந்த வாடகைக்கு இடம் கிடையாது என்பதால் வந்து சேர்ந்த சனம் நாங்கள். சால்வடோர்க்காரர்கள், ஹோண்டுராஸ்காரர்கள், கொஞ்சம் மெக்சிகோக்காரர்கள். சாயங்காலம் ஆனால் யாராவது யாரையாவது அடித்துக்கொண்டிருப்பார்கள்.

மூக்கு உடைந்தவன்தான் கதவைத் தட்டினான். ஒல்லி, உயரம், சோளக்கதிர் நிறத்தில் தலைமயிர். பத்தொன்பது வயதுக்கு மேல் சொல்ல முடியாது. சட்டைப்பையில் கறுப்புப் பட்டையில் பெயர்: எல்டர் வாட்லி. அவர்கள் சபையில் வீடு வீடாக வேதம் சொல்லும் ஊழியத்துக்கு வரும் பொடிப்பயல்கள் எல்லோருக்கும் எல்டர், அதாவது மூப்பர், என்றுதான் பட்டம். பின்னால் நின்றவன் டௌஃபா, டோங்காத் தீவுக்காரன். என் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு, வாயைத் திறந்தால் நான்கு வார்த்தை ஸ்பானிஷ்.

"அடப்பாவி, உள்ள வாடா. மூக்கக் கழுவு முதல்ல."

"ரொம்ப நன்றி எர்மானா. வீட்டுல ஆம்பளைங்க யாராவது இருக்காங்களா?"

எர்மானா என்றால் சகோதரி. அவர்கள் சபையில் எல்லோரும் சகோதரன், சகோதரிதான். அதை விடுங்கள். ரத்தம் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு ஆண் இருக்கிறானா என்று கேட்டால் எனக்குக் கோபம் வராதா?

"எதுக்கு? உடைஞ்சது உன் மூக்கு. ஆம்பளையப் பாத்தா ஒட்டிக்குமா?"

"இல்லங்க எர்மானா. பொம்பளைங்க மட்டும் இருக்குற வீட்டுக்குள்ள நாங்க போகக் கூடாது. வயசு வந்த ஆம்பளை ஒருத்தர் கூட இருக்கணும். அது எங்களுக்கு விதி."

"என் புருஷன் செத்துப் பல வருஷமாச்சு. தோண்டி எடுத்துட்டு வரட்டுமா?"

அவன் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சுக்கோங்க" என்றான். மூக்கிலிருந்து இன்னும் இரண்டு சொட்டு என் கால்மிதியில் விழுந்தது. கடைசியில் நான்தான் ஒரு வாளித் தண்ணீரையும் துண்டையும் வெளியே கொண்டுபோய் வைத்தேன். வாளிக்கு ஸ்பானிஷில் என்ன என்று அவனுக்குத் தெரியவில்லை. உயிர்த்தெழுதலுக்குத் தெரியும், பாவமன்னிப்புக்குத் தெரியும், நித்திய ஜீவனுக்குத் தெரியும். வாளி தெரியாது. அப்படிப்பட்ட பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்திருந்தான்.

அன்று தொடங்கியது. வியாழக்கிழமைதோறும் அவர்களுக்கு என் வீட்டில் சாப்பாடு. வீட்டில் என்றால் வீட்டுக்கு வெளியே, இரும்புப் படிக்கட்டில் உட்கார்ந்து. நான் உள்ளே புபூசா தட்டிப்போட, சூடு ஆறுமுன் கதவிடுக்கு வழியாகத் தட்டு போகும். டௌஃபா ஒன்பது தின்பான். வாட்லி இரண்டோடு நிறுத்தி, மாவுக்குள் அடைத்த பன்றிக்கறி அருமை, பாலாடைக்கட்டி அருமை என்று சபையில் சாட்சி சொல்வதுபோலச் சொல்வான். வீடு எங்கே என்று கேட்டால் ஐடஹோ என்பான். அவன் அப்பாவுக்கு அங்கே உருளைக்கிழங்கு வயல். அம்மாவோடு வாரத்தில் ஒருநாள் போனில் பேசலாம், அது திங்கட்கிழமை. துணி துவைப்பதும் முடி வெட்டுவதும் அன்றைக்குத்தான். மற்ற நாளெல்லாம் கதவு தட்டுவது.

தட்டின கதவுகள் என்ன கொடுத்தன என்று எனக்குத் தெரியும், மேலேயிருந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். நாயை அவிழ்த்து விட்டார்கள். குடித்து முடித்த பீர் டப்பாவால் அடித்தார்கள். வாட்லியின் கெண்டைக்காலில் நாய்ப்பல் பட்ட தழும்பு இருந்தது. ஒருமுறை எதிர்வரிசையில் ஒருவன் துப்பாக்கியை எடுத்து அவன் நெற்றியில் வைத்து, "ஜெபம் பண்ணுடா பார்ப்போம்" என்றான். இந்தப் பைத்தியம் நிஜமாகவே கையைக் கட்டிக் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டது. துப்பாக்கிக்காரனின் அம்மாவுக்காகவும் சேர்த்து.  கடைசியில் அவன் துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

"பார்த்தீங்களா எர்மானா, எல்லார் மனசும் இளகும்" என்று படியில் உட்கார்ந்து சொன்னான்.

"இன்னொரு நாள் சுட்டுருவான்டா, லூசு."

"சுடல இல்ல?"

அன்றைக்கு அவன் செத்திருந்தால்கூடப் பாடம் படித்திருப்பான். பிழைத்ததுதான் அவனைக் கெடுத்தது.

மழைக்காலத்தில் என் மகள் சியோமாரா வந்து சேர்ந்தாள். கையில் பையில்லை, காலில் செருப்பில்லை. இடது கண் மூடிக் கிடந்தது. முன்பல் ஒன்று பாதிதான் மிச்சம். வலது கையைப் பாவாடைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். வண்டிக் கதவில் அவள் விரல்களை வைத்து அவள் புருஷன், அந்த நாய், கதவைச் சாத்தியிருக்கிறான். ஒருமுறை இல்லை. விரல்கள் எந்தப் பக்கம் மடங்கக் கூடாதோ அந்தப் பக்கம் மடங்கியிருந்தன.

அவன் பெயரை என் வாயால் சொல்வதில்லை என்று அவர்கள் கல்யாணத்தன்றே முடிவு செய்தவள் நான். நாய் என்றுதான் சொல்வேன். எல்லோரிடமும் அப்படித்தான். இப்போது சொல்கிறேன், வில்பர். கூரை வேலைக்காரன். பார்க்க லட்சணமாக இருப்பான், பேசினால் தேன் சொட்டும். எங்கள் குடியிருப்பு ஆண்களில் பாதிப் பேர் அவனோடு கூரை மேல் வேலை பார்த்தவர்கள்.

மூன்றாம் நாளே வந்தான். கதவை உதைத்தான். "வெளிய வாடி, இல்லன்னா உன் அம்மாவயும் சேத்துக் கொளுத்திருவேன்" என்று கத்தினான். ஜன்னல் கண்ணாடி உடைந்தது. ஜன்னலுக்கு நேராக நான் கொதிக்கிற எண்ணெயோடு நின்றதால் தலையை உள்ளே விடவில்லை. போலீஸ் வந்து அழைத்துப்போனது, பிறகு விட்டும்விட்டது. அதற்கப்புறம் கதவுக்கு மூன்று பூட்டுப் போட்டேன், ஜன்னலுக்குப் பலகை அடித்தேன். யார் தட்டினாலும் திறப்பதில்லை. வாடகைக்கு வீட்டுக்காரன் தட்டினாலும் சரி. திறந்தது அந்த இரண்டு பையன்களுக்கு மட்டும்தான். வில்பர் கீழே எங்கோ வண்டிக்குள் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறான்.

சியோமாரா தூங்குவதில்லை. உட்கார்ந்தபடியே கதவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு வியாழக்கிழமை சங்கிலி போட்ட கதவிடுக்கில் அவள் முகத்தைப் பார்த்து வாட்லிக்குத் தட்டு கையிலேயே நின்றுவிட்டது.

"யார் எர்மானா இப்படிச் செஞ்சது?"

"ஒரு நாய்" என்றேன் நான்.

சியோமாராதான் அவனிடம் பேசினாள். "நீங்க தலைல எண்ணெய் வச்சு, ரெண்டு பேரும் கை வச்சு ஜெபிப்பீங்களாமே. அம்மா சொன்னாங்க. எனக்குச் செய்வீங்களா? எனக்குத் தூக்கம் வரணும். அவ்வளவுதான்."

"கண்டிப்பா எர்மானா. இப்பவே." ஒரு எட்டு முன்னால் வைத்தவன் நின்றுவிட்டான். டௌஃபா அவன் சட்டையைப் பிடித்திருந்தான். விதி.

"வாசல்லயே வச்சு பண்ணுடா" என்றேன்.

"கீழ இருந்து பாப்பாங்கம்மா" என்றாள் சியோமாரா. அவள் கதவுக்கு வெளியே ஒரு விரல்கூட நீட்டமாட்டாள்.

"கீழ்வீட்டுக்காரனைக் கூப்பிடவா? அவனும் ஆம்பளைதான், மீசை இருக்கு."

"வேணாம்மா. இங்க இருக்குற ஆம்பளை ஒருத்தனும் வேணாம். அவங்க சபைக்காரங்க யாராவது வந்தா சரி."

சபையில் அனாயா என்று ஒரு நல்ல மனிதர், ரொட்டி ஆலையில் வேலை. வழக்கமாக இந்தப் பையன்கள் பெண்கள் தனியாக இருக்கும் வீட்டுக்குப் போகும்போது அவரைத்தான் துணைக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். அந்த வாரம் பார்த்து அவருக்குப் பகல் வேலை. அடுத்த வாரமும் அதேதான். வாட்லி ஒவ்வொரு முறையும் வந்து, "ஆள் கிடைக்கல எர்மானா" என்று குற்றவாளிபோல நிற்பான். சியோமாரா பரவாயில்லை என்பாள். அவள் அப்படிச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். உருளைக்கிழங்கு வயலில் வளர்ந்தவனுக்கு ஒருவர் துன்பத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது பழக்கமில்லை.

பிறகு ஒரு வியாழன் மத்தியானம் படியேறி ஓடிவந்து தட்டினான். குரலில் கொண்டாட்டம்.

"எர்மானா எர்லிந்தா! கதவைத் திறங்க! இன்னைக்கு ஆள் கிடைச்சாச்சு! சபைக்கு வர்ற சகோதரர்!"

கதவுத் துளைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வாட்லியின் பல்லும் வெள்ளைச் சட்டையும்தான் தெரிந்தன. அவனுக்குப் பின்னால் டௌஃபா என்ற மலை. மலைக்குப் பின்னால் யார் நின்றாலும் தெரியாது. மூன்று பூட்டையும் திறந்தேன். அடுப்பில் புபூசா தீய்கிற வாசனை வந்தது. "உள்ள வாங்க, உக்காருங்க" என்று சொல்லிக்கொண்டே அடுப்புக்குத் திரும்பி ஓடினேன். பின்னால் கதவு சாத்துகிற சத்தம், பூட்டுகள் ஒவ்வொன்றாகப் போடுகிற சத்தம். பரவாயில்லையே, சபைக்காரர் பொறுப்பான ஆள் என்று நினைத்தேன். அப்படியும் நினைத்தேன் பாருங்கள்.

சியோமாரா தலை குளித்து ஈரத்தோடு வந்து கூடத்தின் நடுவில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜெபம் வாங்கிக்கொள்கிறவர் உட்கார, கை வைப்பவர்கள் பின்னால் நிற்க வேண்டும். அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆண்கள் இருக்கும் இடத்தில் தரையைத்தான் பார்ப்பாள், அதுவும் அந்த நாய் பழக்கிவிட்டது.

"முதல்ல ஒரு ஜெபத்தோட ஆரம்பிக்கலாம்" என்றான் வாட்லி. இருவரும் கையைக் கட்டி, தலையைக் குனிந்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்கள். அவர்கள் ஜெபம் என்றால் கண் திறக்கவே திறக்காது.

"பரலோகத்துல இருக்குற எங்க தகப்பனே, இந்த வீட்டுக்காக நன்றி. எர்மானா சியோமாராவுக்காக நன்றி. நாங்க உள்ள வர்றதுக்கு இந்த நல்ல சகோதரரை எங்களுக்குக் கொடுத்ததுக்காக நன்றி..."

நான் கண்ணை மூடவில்லை. அடுப்பு எரியும்போது நான் யாருக்காகவும் கண்ணை மூடியதில்லை. அந்த நல்ல சகோதரர் யார் என்று திரும்பிப் பார்த்தேன். முதலில் காலணிதான் கண்ணில் பட்டது. கூரைத் தார் ஒட்டி இறுகிய காலணி. அப்புறம் முகம். வில்பர் கதவில் சாய்ந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். தேய்த்த சட்டை, வாரிய தலை. சிரித்தான். உதட்டில் விரலை வைத்து, சத்தம் போடாதே என்று காட்டினான்.

மறுகை சட்டைக்குப் பின்னால் போய் இடுப்பிலிருந்து சுத்தியலை உருவியது. கூரைக்காரர்கள் வைத்திருப்பது, ஒருபக்கம் சுத்தியல், மறுபக்கம் கோடாரி.

"...அவளைக் காயப்படுத்தினவரோட மனசையும் தொடுங்க தகப்பனே..."

"சியோமாரா!" என்று கத்தினேன்.

அவன் இரண்டே பாய்ச்சலில் வந்தான். கத்தலுக்கு டௌஃபாதான் முதலில் கண்ணைத் திறந்தான். என்ன ஏது என்று யோசிக்கவில்லை, நாற்காலிக்கு மேலே கையை நீட்டினான். சுத்தியல் அந்தக் கையில் விழுந்தது. காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடிக்கிற சத்தம். டௌஃபா மிருகம்போல அலறிக்கொண்டு சுவரில் போய் மோதினான். சியோமாரா நாற்காலியோடு கவிழ்ந்தாள். கவிழ்ந்தவள் கையும் காலுமாகத் தரையில் நகர்ந்தாள், உடைந்த விரல்களையும் ஊன்றிக்கொண்டு.

"பாஸ்டர்களைக் கூட்டி வச்சு கும்மாளம் அடிக்கிறியா?" என்றான் வில்பர். கத்தவில்லை. சாதாரணமாகக் கேட்டான். "என்ன அத்தே, எனக்கு மட்டும் கதவைத் திறக்க மாட்டீங்களா?"

வாட்லி கண்ணைத் திறந்து நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தில் பயமில்லை. விஷயம் புரிந்துகொண்டிருந்தது, மெதுவாக, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக. "சகோதரரே" என்றான், அப்போதும் மரியாதையோடு. "சகோதரரே, வேணாம்." வில்பர் அவனைத் தள்ளிவிட்டு சியோமாராவின் முடியைப் பிடித்து இழுத்தான். ஈர முடி, கையில் சரியாகச் சிக்கவில்லை, வழுக்கியது. மறுபடி பிடிக்கக் குனிந்தான்.

அந்த இடைவெளியில் வாட்லி அவள் மேல் விழுந்தான். விழுந்து தன் உடம்பால் அவளை மூடிக்கொண்டான். அவன் நீளத்துக்கு அவள் முழுதாக உள்ளே மறைந்துவிட்டாள். தலைக்கு மேல் தன் தலை, கைக்கு மேல் தன் கை.

முதல் அடி தோளில். இரண்டாவது முதுகில். வெள்ளைச் சட்டை கிழிந்து உள்ளே சிவப்பாகத் திறந்தது. "எந்திரிடா, உனக்கும் எனக்கும் சண்டை இல்ல, எந்திரி" என்று ஒவ்வொரு அடிக்கும் சொல்லிக்கொண்டே அடித்தான் வில்பர். வாட்லி எழுந்திருக்கவில்லை. வில்பர் சுத்தியலைக் கோடாரிப் பக்கம் திருப்பி ஓங்கினான். அது தலையின் பின்பக்கத்தில் இறங்கியது. அந்தச் சத்தத்தை நான் சொல்லப் போவதில்லை.

அதற்குள் நான் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பீன்ஸ் பானையைத் துணிகூட இல்லாமல் இரண்டு கையாலும் தூக்கிவிட்டேன். என் உள்ளங்கைத் தோல் பானையோடு போனது பிறகுதான் தெரிந்தது. அப்படியே அவன் முகத்தில் கவிழ்த்தேன். கறுப்பு பீன்ஸ், குழம்பு, பன்றிக்கொழுப்பு எல்லாம். அவன் போட்ட கூச்சல் எனக்கு இன்றைக்கும் இனிக்கும். முகத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் தடுமாறினவனை டௌஃபா முறியாத கையால் கழுத்தில் வளைத்துப் பிடித்து, தூக்கித் தரையில் அடித்து, மேலே உட்கார்ந்துவிட்டான். ஒரு கை உடைந்து தொங்க, அழுதுகொண்டே, அவன் மொழியில் எதையோ சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அந்தப் பாரத்துக்குக் கீழே நாயால் அசைய முடியவில்லை.

சுத்தியல் என் காலடியில் கிடந்தது. எடுத்தேன். என் மகளின் விரல்களைக் கதவில் வைத்து நசுக்கினானே அந்தக் கை, அது டௌஃபாவின் தொடைக்கடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஓங்கி ஒரு போடு போட்டேன். பிறகு தலைப்பக்கம் போய் நின்றேன். டௌஃபா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. எனக்கு அவன் யார் சொல்வதற்கு? இரண்டு கையாலும் தூக்கினேன்.

"அம்மா! இவன் மூச்சு விடலம்மா! அம்மா, இங்க வா!"

சியோமாரா வாட்லியின் அடியிலிருந்து வெளியே வந்து அவன் தலையை மடியில் வைத்திருந்தாள். அவள் உடம்பெல்லாம் ரத்தம், ஒரு துளிகூட அவளுடையது இல்லை. நான் சுத்தியலைப் பிடித்தபடி நின்றேன். ஒரே போடு, முடிந்திருக்கும். இன்றைக்கும் அந்தப் போடு பாக்கி இருப்பதுபோலத்தான் என் கை எழும்புகிறது. ஆனால் அந்தப் பயல் அப்போது ஒரு மூச்சு இழுத்தான், தொண்டையில் தண்ணீர் கொப்பளிப்பதுபோல. சுத்தியலை எறிந்துவிட்டு ஓடினேன்.

மேசைத்துணியைச் சுருட்டித் தலையில் அழுத்தினேன். நனைந்து என் விரலிடுக்கு வழியாக வந்தது. அவன் கண் பாதி திறந்திருந்தது. என்னைத் தேடியது.

"எர்மானா" என்றான். "அவர் அழுதாருங்க. சபைல கடைசி பெஞ்சுல உக்காந்து அழுதாரு."

"முட்டாப் பயலே" என்றேன். "முட்டாப் பயலே, முட்டாப் பயலே, நீதான்டா கூட்டிட்டு வந்த! உன்ன யாருடா வரச் சொன்னது?" கூச்சல் கேட்டுக் கீழ்வீட்டுக்காரன் கூப்பிட்ட போலீசும் ஆம்புலன்ஸ்காரர்களும் கதவை உடைத்து உள்ளே வரும்வரை நான் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நாயைப் போலீஸ் விலங்கு மாட்டி இழுத்துப்போனது. நான் சொன்னது வாட்லிக்குக் கேட்டதா தெரியாது. மறுநாள் விடியும் முன்னே மருத்துவமனையில் இறந்துபோனான். அவன் அம்மா அப்போது விமானத்தில் இருந்தாள்.

டௌஃபா கையில் கட்டோடு வந்து நடந்ததைச் சொன்னான். அவனுடைய அரைகுறை ஸ்பானிஷ்தான், பாதி கை ஜாடை. அதற்கு முந்தைய இரண்டு ஞாயிறும் வில்பர் சபைக்கு வந்திருக்கிறான். கடைசி வரிசையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதிருக்கிறான். வாட்லி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போட்டிருக்கிறான். தனக்கு யாருக்காவது உதவ வேண்டும் போலிருக்கிறது, எங்கேயாவது ஆள் தேவைப்பட்டால் கூப்பிடுங்கள் என்று வில்பரே கேட்டிருக்கிறான். கேட்டவுடன் வாட்லிக்கு யார் ஞாபகம் வந்திருக்கும்? "ரொம்ப சந்தோஷம் அவனுக்கு" என்றான் டௌஃபா. "கர்த்தர் அனுப்பினார்னு சொன்னான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவன்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு வந்தது, என்ன செய்ய? மூன்று பூட்டுப் போட்டு, ஜன்னலுக்குப் பலகை அடித்து, ரா முழுக்கக் கண் விழித்து நான் காத்த கதவு. அதை ஒரு குழந்தைச் சிரிப்போடு வந்து திறக்க வைத்துவிட்டான். என் மகள் செத்திருந்தால்? அவன் அம்மா வருகிறாள் என்று சொன்னார்கள். வரட்டும் என்றேன். சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் சியோமாராவிடம் கேட்டு மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டேன். உன் மகன்தான் கொலைகாரனை என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். ஏன் என்று சியோமாரா கேட்டாள். கற்றுக்கொடு என்றேன், அவ்வளவுதான்.

சபைக்காரர்கள் ஏதோ கூடத்தில் சந்திக்கலாம் என்றார்கள். அந்த அம்மாள் கேட்கவில்லை, வீட்டுக்குத்தான் வருவேன் என்று வந்துவிட்டாள். இரும்புப் படியில் கனமான காலடி. கதவு உடைந்து தொங்கியதால் தட்ட வேண்டியிருக்கவில்லை. வாட்லியின் அதே உயரம், அதே சோளக்கதிர் முடி, வெயிலில் தடித்த கழுத்து. பயிர் பச்சையில் வேலை செய்த கை. பின்னால் டௌஃபாவும் அனாயாவும் நின்றார்கள்.

உள்ளங்கை எரிய எரியத் தரையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தேன். அப்படியும் பலகையிடுக்கில் கறை போகவில்லை. அவள் அதைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. நேரே சியோமாராவிடம் போனாள். "நீதானா?" என்றாள். சியோமாரா தலையாட்டினாள். அந்த அம்மாள் அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். நெற்றியைத் தடவினாள். முடிக்குள் விரலை விட்டு மண்டை முழுக்கத் தடவிப் பார்த்தாள். தோள், முதுகு, கைகள், ஒவ்வொன்றாக அழுத்தி அழுத்திப் பார்த்தாள், மரத்திலிருந்து விழுந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல. புதுக் காயம் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினாள். எங்கேயும் இல்லை. எல்லாம் பழைய காயம்.

"ஒண்ணும் ஆகல" என்றாள், தனக்குத்தானே சொல்வதுபோல. "இவளுக்கு ஒண்ணும் ஆகல."

என் ஆங்கில வாக்கியம் எங்கே போனதென்று தெரியவில்லை. அப்புறம்தான் அவள் என் பக்கம் திரும்பினாள். கட்டுப்போட்ட என் உள்ளங்கைகளைப் பார்த்தாள். அவள் சொன்னதைச் சியோமாரா எனக்கு எடுத்துச் சொன்னாள்.

"டௌஃபா எல்லாத்தையும் சொல்லிட்டானாம்மா. அவங்க மகன்தான் அவனைக் கூட்டிட்டு வந்தான்னு தெரியுமாம். உனக்கு அவன்மேல கோவமான்னு கேக்குறாங்க."

அனாயா தொண்டையைக் கனைத்தார். நான் நல்ல வார்த்தை ஏதாவது சொல்லுவேன் என்று எதிர்பார்த்தார் போல. டௌஃபா தரையைப் பார்த்தான்.

"ஆமான்னு சொல்லு" என்றேன்.

"அம்மா..."

"சொல்லுடி. கோவம்தான். கழுத்தைப் பிடிச்சு உலுக்கணும் போல இருக்குன்னு சொல்லு. இப்பவே அவன் இந்தப் படியில ஏறி வந்தா ரெண்டு அறை குடுத்துட்டுத்தான் சோறு போடுவேன்னு சொல்லு."

சியோமாரா சொன்னாள். அந்த அம்மாள் கடைசி வார்த்தை வரைக்கும் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டுத் தலையை மேலும் கீழும் ஆட்டினாள், வெகுநேரம்.

"எனக்கும்தான்" என்றாள். அதை மட்டும் சியோமாரா மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பெரிய உடம்பு அப்படியே என்மேல் சாய்ந்தது. நான் தாங்க முடியாமல் சுவரில் சாய்ந்தேன், அவளைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தேன். அங்கேயே உட்கார்ந்து இரண்டு பேரும் அவனைத் திட்டித் திட்டி அழுதோம், அவள் மொழியில் அவளும், என் மொழியில் நானும். முட்டாப் பயலே, அறிவுகெட்டவனே, என் ராசா, யாரைக் கேட்டுடா போனாய் என்று.